கெஸ்ட் பிளேயரா அனுப்புறதுக்கு முன்னாடி

போன வாரம் அமெரிக்காவுல டாலஸ் பக்கம் பொண்ணுங்க சாஃப்ட்பால் டோர்னமென்ட் ஒண்ணுல நம்ம தமிழ் அப்பா ஒருத்தரைப் பாத்தேன். பொண்ணை வேற டீமுக்கு கெஸ்ட்டா, அதாவது அந்த டோர்னமென்ட்டுக்கு மட்டும் ஆட, கூட்டிட்டு வந்திருக்கார், "மூணு கேம் அவதான் பிட்ச் பண்ணா (பந்து போட்டா), இன்னும் ரெண்டு இருக்கு"ன்னு அவ்ளோ சந்தோஷமா சொல்றார். எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. நாலு வருஷம் முன்னாடி நானும் இப்படித்தான் நின்னேன். தண்ணி, கிளீட்ஸ் ஷூ எடுத்துட்டுப் போங்கன்னெல்லாம் சொல்லப்போறதில்ல, அது உங்களுக்கே தெரியும். எங்கெல்லாம் தப்பு பண்றோம்னு மட்டும் சொல்றேன்.

எத்தனை இன்னிங்ஸ்னு பேசாம பிட்சரை அனுப்புறது

என் பொண்ணு அப்ப 10யூ, அதாவது 10 வயசுக்கு உட்பட்டவங்க பிரிவு. ஒரு 12யூ டீம்ல பிட்சருக்கு உடம்பு சரியில்ல, வெள்ளிக்கிழமை ராத்திரி போன் வந்துச்சு, பெரிய டீம் கூப்பிடுதேன்னு உடனே சரின்னுட்டேன். 10யூல 35 அடி தூரத்துல இருந்து போடணும், 11 இன்ச் சுற்றளவு பந்து. 12யூல 40 அடி, 12 இன்ச் பந்து. சனிக்கிழமை பூல் கேம் (முதல் சுற்று) ரெண்டு, ஞாயித்துக்கிழமை பிராக்கெட்ல (நாக்அவுட்) ரெண்டு, நாலுலயும் பிட்ச் பண்ணது அவளே. அந்த கோச்சைக் கெட்டவர்னு சொல்லமாட்டேன், ஆனா வியாழக்கிழமை பிராக்டிஸ்ல அவ ஒரு மணி நேரம் பந்து போட்டது அவருக்கு எப்படித் தெரியும்? நான்தானே சொல்லியிருக்கணும். திங்கக்கிழமை காலைல சடை பின்ன கையைத் தூக்க முடியல, சீப்பை அம்மாகிட்ட நீட்டிட்டு பேசாம நின்னா. ஆறு வாரம் பந்தைத் தொடல, அவ சொந்த டீம் அந்த சீசன் பிட்சர் இல்லாம தவிச்சுது.

"கீழ இருந்து போடுறதுதானே, தோளுக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு இன்னமும் சொல்றாங்க பாருங்க, அதான் எனக்கு ஆத்திரம். கையை முழுசா ஒரு சுத்து சுத்தி வின்ட்மில் போடும்போது தோள்பட்டையோட முன்பக்கம் நல்லா அடிவாங்கும். லிட்டில் லீக் பேஸ்பால்ல 11, 12 வயசுப் பசங்களுக்கு ஒரு நாளைக்கு 85 பந்துக்கு மேல கூடாதுன்னு கணக்கு வெச்சிருக்காங்க. ஊர் ஊராப் போய் ஆடுற நம்ம டிராவல் சாஃப்ட்பால் டோர்னமென்ட்ல பெரும்பாலும் அப்படி ஒரு கணக்கே கிடையாது, அதனால நீங்கதான் எண்ணணும். சரின்னு சொல்றதுக்கு முன்னாடியே மெசேஜ்ல எழுதிடுங்க: இத்தனை இன்னிங்ஸ், அதுக்கு மேல ஃபீல்டிங் மட்டும்தான். ஒத்துக்கலையா, போகாதீங்க.

சொந்த கோச்சுக்குச் சொல்லாம போறது

முதல்ல அவர்கிட்ட கேளுங்க. போட்டோ பாத்து அவருக்குத் தெரியக்கூடாது.

ரோஸ்டர்

டோர்னமென்ட் நடத்துற யூஎஸ்ஏ சாஃப்ட்பால், யூஎஸ்எஸ்எஸ்ஏ, பிஜிஎஃப் அமைப்புகள் எல்லாத்துக்கும் ரூல் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. முதல் கேமுக்கு முன்னாடியே ரோஸ்டர்ல, அதாவது டீம் லிஸ்ட்ல, பேர் ஏறிடுச்சா, அந்த டீம் இன்சூரன்ஸ்ல இவளும் வர்றாளான்னு கேட்டுடுங்க. பேர் இல்லாம ஆடி எதிர் டீம் புரொடெஸ்ட் பண்ணா, ஜெயிச்ச கேமும் கையைவிட்டுப் போயிடும்.

பேட்

பேட்ல அந்த அமைப்போட அனுமதி ஸ்டாம்ப் இருக்கான்னு பாருங்க. ஒரு அமைப்புல செல்ற பேட் இன்னொண்ணுல செல்லாமப் போகலாம்.

ஓரத்துல உக்காந்து பேசுறது

உங்க பொண்ணு வந்ததால பெஞ்ச்ல உக்காந்த குழந்தையோட அம்மா பக்கத்து சேர்லயே இருக்கலாம். "எங்க டீம்ல இப்படி இல்ல"ன்னு ஆரம்பிக்காதீங்க. அந்தக் குழந்தை பேட்டிங் வரும்போது பேர் சொல்லிக் கைதட்டுங்க.