தங்கூசி அறுந்தது, கோளாறு ரீலில்

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மூன்று ஞாயிறும் பெரிய கெண்டை முதல் இழுப்பிலேயே தங்கூசியை (தூண்டில் நைலான் நூலை) அறுத்துக்கொண்டு போனது. போட்டிருந்தது 10 இறாத்தல் (சுமார் 4.5 கிலோ) இழுவை தாங்கும் தங்கூசி. பக்கத்து லயத்து மாமா முடிச்சைக் குறை சொன்னார், மாற்றினேன். 15 இறாத்தலுக்குப் போனேன். இப்போது மீனின் உதடு கிழிந்து தூண்டில் முள் மட்டும் வந்தது.

கடைசியில் தங்கூசி நுனியைக் கோல் வளையங்கள் வழியே கொக்கித் தராசில் கட்டி இழுத்தேன். தங்கூசி ஓடும்போது தராசு காட்டியது ஒன்றரை கிலோதான். ஆனால் அசையத் தொடங்கும் அந்த நொடியில் நாலு கிலோவைத் தாண்டியது! வாரம் முழுக்க டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது தங்கூசியை அளவாக விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக்கை, இறுக்கியே வைத்ததில் உள்ளே ஃபெல்ட் வளையங்கள் ஒட்டிப்போயிருந்தன.

துடைத்து, டிராக் கிரீஸ் மெல்லிதாகப் பூசினேன். பழைய 10 இறாத்தலையே சுற்றி, அதன் பலத்தில் நாலில் ஒரு பங்கு, அதாவது 1.1 கிலோவில் டிராக்கை வைத்தேன். வீடு திரும்பியதும் டிராக்கைத் தளர்த்திவிடுகிறேன். நேற்று மூன்று கிலோ கெண்டை கரை சேர்ந்தது. அப்பாடா!