டெல்டாவில் பயிற்சி, கொண்டை ஊசியில் ஏற்றம்

திருவையாற்றிலிருந்து நாகப்பட்டினம் வரை எந்தப் பக்கம் திரும்பினாலும், ஏற்றம் என்று சொல்ல ரயில்வே மேம்பாலமும் ஆற்றுப் பாலமும்தான். சுவாமிமலையே 60 படி கொண்ட கட்டுமலை. ஆனாலும் இந்த மண்ணில் சைக்கிள் பயிற்சி எடுத்துக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ, மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளையோ கால் ஊன்றாமல் ஏறலாம். அதற்கு நம்மிடம் இருப்பது காற்று.

பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழைந்து கரூர், திருச்சி கடந்து வரும் ஆடிக் காற்றை எதிர்த்து மிதிப்பதும் மலை ஏறுவதும் காலுக்கு ஏறத்தாழ ஒரே வேலை. ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 7 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏற சுமார் 145 வாட் தேவை. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வீசும் எதிர்க்காற்றில் சமதரையில் 18 கி.மீ. வேகத்தில் போகவும் சுமார் 150 வாட் ஆகும். மலை நம்மை ஒன்றரை, இரண்டு மணி நேரம் விடாமல் பிடித்து வைக்கும். திருவையாற்றிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணை நோக்கி மேற்கே போகும் சாலையிலும் காற்று அப்படித்தான் பிடித்து வைக்கிறது.

இதனால் காலண்டரைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. மலை ஏறும் சைக்கிள் நிகழ்வுகள் பெரும்பாலும் மழை ஓயும் டிசம்பர், ஜனவரியில் வரும். வழக்கமான 12 வாரத் திட்டத்தை அப்படியே எடுத்தால் பயிற்சி ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போய் விழும். பாதி ஞாயிறுகள் கையை விட்டுப் போகும். ஆகவே ஆடியிலேயே தொடங்குங்கள். ஆடி, ஆவணியில் மேல்காற்றை வைத்து அடித்தளம் போட்டுவிட்டால், மழைக்காலத்தில் அதைக் காப்பாற்றினாலே போதும். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காற்று தொடங்கியதும் திசையை மாற்றிக்கொள்ளுங்கள்: மயிலாடுதுறைக்காரர்கள் பூம்புகார் பக்கமும் திருவாரூர்க்காரர்கள் நாகப்பட்டினம் பக்கமும் போனால் காற்று மறுபடி முகத்துக்கு வரும். எந்தப் பருவத்திலும் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று என்று வழியை அமையுங்கள். ஆடியில் விடியலில் காற்று அடங்கியிருந்து, வெயில் ஏற ஏற வலுக்கும். பயிற்சியின் கடினமான பகுதியைக் காற்று வலுக்கும் நேரத்துக்கு ஒதுக்குங்கள்.

காற்றில் எப்படி மிதிப்பது

வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரச் சவாரி, ஞாயிறன்று நீண்ட சவாரி. வேலைக்குப் போகிறவர்களுக்கு இதற்கு மேல் திட்டம் போட்டால் நிலைக்காது.

வார நாள் ஒன்றில், 15 நிமிடம் சூடேறிய பின், ஒன்றிரண்டு கியர் கனமாகப் போட்டு நிமிடத்துக்கு 60 முதல் 65 சுற்று மட்டும் வரும்படி உட்கார்ந்தே 15 நிமிடம் மிதியுங்கள். 5 நிமிடம் இலேசாக உருட்டிவிட்டு இன்னொரு 15 நிமிடம். மூன்று, நான்கு சொல்லுக்கு மேல் தொடர்ந்து பேச மூச்சு இடம் தராத அளவு உழைப்பு சரி. பேச்சே வராவிட்டால் அது அதிகம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 5 நிமிடம் கூட்டி, கடைசியில் ஞாயிற்றுச் சவாரிக்குள் ஒரு முழு மணி நேரம் இடைவெளியில்லாமல் இப்படி மிதிக்கும் நிலைக்கு வாருங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் கியரை இலகுவாக்கி, சீட் உயரத்தைச் சரிபாருங்கள். சீட் தாழ்ந்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

குனிந்து காற்றை ஏமாற்றாதீர்கள். கையை ஹேண்டிலின் மேல்பகுதியில் வைத்து நிமிர்ந்து உட்காருங்கள். மலை ஏறும்போதும் உடம்பு அப்படித்தான் இருக்கும், காற்றின் எதிர்ப்பும் கூடும். மிதிப்பதை நிறுத்தி வண்டியை ஓடவிடும் பழக்கத்தையும் இந்த ஒரு மணி நேரத்தில் விட்டொழிக்க வேண்டும். சமவெளிக்காரர்களை மலையில் முதலில் கவிழ்ப்பது இந்தப் பழக்கம்தான். ஏற்றத்தில் இரண்டு நொடி மிதி நின்றால் வண்டியும் நின்றுவிடும்.

காற்று கற்றுத் தராதவை மூன்று. முதலாவது வெப்பம்: மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் உடம்பைக் குளிர்விக்கக் காற்று இருக்காது, வியர்வை கொட்டும். இரண்டாவது இறக்கம். மூன்றாவது செங்குத்தான வளைவில் கியர் மாற்றும் நேரம். இவற்றுக்காக நிகழ்வுக்கு ஐந்து வாரம் முன்பு ஒருமுறையும் மூன்று வாரம் முன்பு ஒருமுறையும் உண்மையான மலைக்குப் போய்வருவது கட்டாயம். துறையூருக்கு மேலிருக்கும் பச்சைமலையில் தொடங்கி, பிறகு கொல்லிமலைக்குப் போகலாம். மலைக்கோட்டைப் படி ஏறுவதைப் பலரும் பயிற்சியாகச் சொல்கிறார்கள். உடம்புக்கு நல்லது, சைக்கிள் ஏற்றத்துக்கு அது ஈடாகாது.

கியர்

இங்கேதான் பணம் செலவழிக்க வேண்டும். சக்கரம், சட்டகம், கார்பன் எல்லாம் பிறகு. முன்னால் 34 பல், பின்னால் 28 பல் உள்ள ரோடு பைக்கில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏறினால் கால் நிமிடத்துக்கு 52 சுற்று. ஏற்றம் 10 சதவீதமாகி வேகம் 6 கி.மீ. ஆனால் 39 சுற்று. அந்தச் சுற்றில் அரை மணி நேரம் மிதித்தால் முழங்கால் போய்விடும். பின்னால் 34 பல் கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) போட்டால் அதே 8 கி.மீ. வேகத்துக்கு 63 சுற்று கிடைக்கும். முன்னால் 24 பல் வரை மூன்று தட்டு உள்ள சாதாரண ஹைப்ரிட் (ரோடு பைக்குக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்ட வண்டி) வைத்திருப்பவர்களுக்கு, பின்னால் 28 பல் இருந்தாலே 74 சுற்று. வண்டி கனமானது என்று அவர்கள் வருந்தத் தேவையில்லை.

கேசட் மாற்றுமுன் பின் டெரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கருவி) எத்தனை பல் வரை ஏற்கும் என்று பாருங்கள். 34 பல்லுக்குப் பெரும்பாலும் நீளக் கூண்டு உள்ள டெரெய்லர் வேண்டும். செயினும் நீளமாக வேண்டும்: முன் பெரிய தட்டு, பின் பெரிய பல் இரண்டின் மேலும் டெரெய்லர் வழியே விடாமல் சுற்றி, முனைகள் சேரும் இடத்திலிருந்து இரண்டு லிங்க் கூடுதல். குறைவாக வெட்டினால், தெரியாமல் பெரிய பல்லுக்குப் பெரிய பல் போட்ட நொடியில் டெரெய்லர் பிய்ந்து வரும்.

டெல்டா வண்டிகளில் அடிக்கடி மறைந்திருக்கும் பழுது ஒன்று உண்டு. சமதரையில் பின்னாலுள்ள பெரிய பல்லை ஆண்டுக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. செயின் அந்தப் பல்லைத் தாண்டாமல் தடுக்கும் எல்லைத் திருகு தளர்ந்திருந்தாலும் தெரியாது. மலையின் முதல் செங்குத்து வளைவில், முழு பலத்தோடு அந்தப் பல்லுக்கு மாற்றும்போது செயின் அதைத் தாண்டி ஆரக்கம்பிக்குள் விழும். ஆரம் அறுபடும், டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளையும், சவாரி அங்கேயே முடிந்துவிடும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பெரிய பல்லில் செயினை வைத்து, கையால் டெரெய்லரை உள்பக்கம் தள்ளிப் பாருங்கள். அது அசைந்து ஆரத்தை நெருங்கினால் எல் (L) என்று குறியிட்ட திருகை இறுக்குங்கள். பிறகு மேம்பாலத்தில் ஏறி, பாரம் கொடுத்து மாற்றிச் சோதியுங்கள்.

பிரேக்

வண்டல் மண் பிரேக்குக்கு எதிரி. மழையில் ஆற்றங்கரைப் பாதையில் ஓட்டிய வண்டியின் ரப்பர் பேடில் மணலும் அலுமினியத் துகளும் புதைந்திருக்கும். குண்டூசியால் நோண்டி எடுத்து, மேற்பரப்பை உப்புத்தாளால் தேயுங்கள். ரிம்மின் பக்கச்சுவர் குழிந்திருந்தால் அந்தச் சக்கரத்தில் மலை இறங்கக் கூடாது. டிஸ்க் பிரேக் என்றால் பேடின் உராய்வுப் பகுதி 1 மி.மீ.க்கு அருகில் வந்தவுடன் மாற்றிவிடுங்கள். புதுப் பேடை மலையில் முதன்முதலாகப் பிடிக்காதீர்கள். ஊரிலேயே 25 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு இருபது முறையாவது பிடித்துப் பதப்படுத்துங்கள். கடலோர ஊர்களில் பிரேக் கம்பி உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும். ஆண்டுக்கொரு முறை உள்கம்பியை மாற்றுவது மலிவான காப்பீடு. அறுவடை நாளில் சாலையில் காயும் வைக்கோல் டெரெய்லர் சக்கரத்தில் சுற்றியிருக்கும், அதையும் பிடுங்கிவிடுங்கள்.

இறக்கத்தில் பிரேக்கைத் தேய்த்தபடியே வருவதுதான் பெரிய தவறு. ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம், டிஸ்க்கில் பிடிப்பு மங்கலாம். நேர்ப்பாதையில் விட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் கொன்று, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். வெளிப்பக்க மிதி கீழே, பார்வை வளைவின் முடிவில். நடுக்கோட்டைத் தாண்டாதீர்கள்: கொண்டை ஊசியில் பேருந்துக்குச் சாலை முழுவதும் வேண்டும், ஏறி வரும் வண்டிக்கே வழி.

ஏறும்போது இடப்பக்க வளைவுகளில் நாம் உள்வட்டத்தில் இருப்போம். அங்கேதான் சரிவு மிகக் கடுமை. வளைவுக்குப் பத்து மீட்டர் முன்பே ஒரு கியர் இறக்கிவிடுங்கள்.

சாப்பாடும் தண்ணீரும்

மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, 500 முதல் 750 மி.லி. திரவம். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் நாட்டுச் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. இதில் 700 மி.லி. குடித்தால் 35 கிராம் வரும். மீதிக்கு ஒரு பூவன் பழமும் ஒரு சிறு துண்டு கடலை மிட்டாயும். மலையில் பசி தெரியாது. எனவே கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடத்துக்கு ஒருமுறை சாப்பிடுங்கள். உப்பில்லாத வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பது இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துத் தலைசுற்றலில் கொண்டுபோய் விடும். முதல்நாள் இரவு பிரியாணி வேண்டாம். இட்லி, இடியாப்பம் போதும். காலையில் கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பு நாலைந்து இட்லி. இந்தக் கலவையையும் உணவையும் ஞாயிற்றுச் சவாரிகளிலேயே வயிற்றுக்குப் பழக்கிவிட வேண்டும்.

நேரக் கணக்கு

குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய ரேண்டனர் வகை நெடுந்தூரச் சவாரியில் 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். தஞ்சைச் சாலைகளில் அது தாராளம். வழியில் 30 கி.மீ. ஏற்றம் இருந்தால், 8 கி.மீ. வேகத்தில் அதற்கே 3 மணி 45 நிமிடம் போகும். மிச்சமுள்ள 170 கி.மீ.க்கு 9 மணி 45 நிமிடம், அதாவது நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 17 கி.மீ.க்குச் சற்று மேல். நேரம் டீக்கடைகளில்தான் கரைகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் 10 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தின் முதல் 15 நிமிடம் மற்றவர்கள் தாண்டிப் போகட்டும். பின்பாதியில் அவர்களில் பலரை மதகுச் சுவர்களில் பார்ப்பீர்கள்.

பையில் இரண்டு டியூப், ஒட்டுப்பொருள், டயர் லிவர், பம்பு, செயின் கட்டர், உங்கள் ஸ்பீடுக்குரிய (பின் பற்சக்கர எண்ணிக்கைக்குரிய) செயின் இணைக்கும் குயிக் லிங்க், உங்கள் வண்டிக்கான ஹேங்கர், ஒரு ஜோடி பிரேக் பேட். மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டை அவசியம்: ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி குறையும், வியர்வை ஈரத்தோடு இறங்கினால் விரல் விறைத்துப் பிரேக் பிடிக்க வராது. உச்சியில் நின்றவுடன் முதலில் அதைப் போட்டு, பிரேக் பேடைப் பார்த்து, பிரேக் லிவர் ஹேண்டில்வரை வந்தால் கம்பியை இறுக்கி, அதன் பிறகே படம் எடுங்கள்.

கடைசிப் பத்து நாளில் தூரத்தைப் பாதியாக்கிவிடுங்கள். வாரத்துக்கு ஒரு குறுகிய எதிர்க்காற்றுப் பயிற்சி மட்டும் இருக்கட்டும். புது ஷூ, புது சீட், புது டயர் எதுவும் அந்த வாரத்தில் வேண்டாம்.