வயிற்றுப் பெரு அறுவையில் ரத்த அழுத்தச் சரிவை முன்கூட்டியே கணிப்பதும் தடுப்பதும்

குடல், கணையம், கல்லீரல், இரைப்பை ஆகியவற்றில் செய்யப்படும் நீண்ட அறுவைகளின்போது ரத்த அழுத்தம் சரிவது அன்றாட நிகழ்வு. அதனாலேயே அதைப் பலர் இயல்பானதாக ஏற்றுக்கொண்டு, சரிந்த பிறகு ஓர் ஊசி போட்டு ஏற்றிவிடலாம் என்று இருந்துவிடுகிறார்கள். ஆனால் இந்தச் சரிவுகளில் பெரும்பாலானவை இன்ன நேரத்தில், இன்ன காரணத்தால் வரும் என்று முன்னரே சொல்லிவிடக்கூடியவை. மயக்கவியல் பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர்களுக்காகவும், அவர்களுடன் பணிபுரியும் தொழில்நுட்பர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டிய எண் சராசரி தமனி அழுத்தம். கீழ் அழுத்தத்தை இருமடங்காக்கி, மேல் அழுத்தத்துடன் கூட்டி, மூன்றால் வகுத்தால் அது ஏறத்தாழக் கிடைக்கும். மானிட்டரில் 88/52 என்று இருந்தால் சராசரி 64. பொதுவாக 65 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போகவிடக் கூடாது என்பது இன்றைய நடைமுறை. 2013-இல் வெளிவந்த, 33,000-க்கும் மேற்பட்ட அறுவைகளின் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வில், சராசரி 55-க்குக் கீழே சில நிமிடங்கள் இருந்தவர்களிடமும் சிறுநீரகப் பாதிப்பும் இதயத் தசைப் பாதிப்பும் கூடுதலாகக் காணப்பட்டன. பதிவுகளை ஆராய்வதால் கிடைப்பது தொடர்பு மட்டுமே, காரணம் அன்று. ஆயினும் அலட்சியம் செய்யக்கூடிய தொடர்பு அன்று இது.

65 என்பது எல்லோருக்கும் போதுமான எண்ணும் அன்று. வழக்கமாக 160/90 உள்ள முதியவரின் சராசரி 113. அவருக்கு 20 சதவீதம் குறைந்தாலே 90 ஆகிவிடுகிறது. 65-இல் அவருடைய சிறுநீரகம் தவித்துக்கொண்டிருக்கலாம். எனவே நோயாளியின் இயல்பான அழுத்தம் எது என்பதை முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். அறுவை அரங்கின் வாசலில் அச்சத்துடன் படுத்திருப்பவரிடம் எடுக்கும் அளவு உயர்ந்தே இருக்கும் என்பதால், புறநோயாளிச் சீட்டிலும் வார்டு பதிவிலும் உள்ள அளவுகளையே நம்ப வேண்டும். 2017-இல் பிரான்சில் ஏறத்தாழ 300 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், மேல் அழுத்தத்தை அவரவர் இயல்பிலிருந்து 10 சதவீதத்துக்குள், ரத்தக்குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் நோர்அட்ரினலின் மருந்தைக் கொண்டு நிலைநிறுத்தியபோது உறுப்புச் செயலிழப்பு 51.7 சதவீதத்திலிருந்து 38.1 சதவீதமாகக் குறைந்தது.

யாருக்குச் சரியும் என்பதை முதல் நாள் மாலையே ஓரளவு சொல்லிவிடலாம். வயது முதிர்ந்தவர்கள், இதய நோய் உள்ளவர்கள், குடல் அடைப்பால் பல நாள் வாந்தி எடுத்தவர்கள், குடலைச் சுத்தம் செய்யும் மருந்து குடித்தவர்கள், டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், எனலாப்ரில் ஆகிய ரத்த அழுத்த மாத்திரைகளில் ஒன்றை எடுப்பவர்கள் ஆகியோரே அந்தப் பட்டியலின் முன்வரிசை. இந்த மாத்திரைகளை அறுவைக்கு முன் நிறுத்துவதா, தொடர்வதா என்பதை 2,200-க்கும் மேற்பட்டோரிடம் ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டார்கள். இரு பிரிவிலும் உயிரிழப்பும் பெரிய சிக்கல்களும் சேர்ந்து 22 சதவீதமாகவே இருந்தன. ஆனால் அறுவையின்போது அழுத்தச் சரிவு, தொடர்ந்தவர்களில் 54 சதவீதத்தினருக்கும், நிறுத்தியவர்களில் 41 சதவீதத்தினருக்கும் வந்தது. எபிட்யூரலுடன் (முதுகுத்தண்டுப் பகுதியில் மெல்லிய குழாய் வழியே மரத்துப்போகும் மருந்து தருவது) கூடிய பெரு அறுவை என்றால், இதயச் செயலிழப்புக்காக எடுப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு முதல் நாளே நிறுத்துவதையே நான் விரும்புகிறேன். இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கரை மட்டும் திடீரென நிறுத்தக் கூடாது. இந்த முடிவை மருத்துவர் எடுக்க வேண்டுமே தவிர, நோயாளி தாமாக எடுக்கக் கூடாது.

தண்ணீர் குறித்து ஒரு வேண்டுகோள். இரவு பத்து மணிக்கு மேல் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் பகல் ஒரு மணிக்கு நோயாளியை அரங்குக்குள் அழைத்தால், அவர் பதினைந்து மணி நேரம் ஒரு சொட்டு நீரின்றி இருந்திருக்கிறார். அடைப்போ இரைப்பை காலியாவதில் கோளாறோ இல்லாதவர்கள், அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை தெளிந்த நீர் குடிக்கலாம். எந்தக் கருவியும் தேவைப்படாத இந்தத் தடுப்புமுறை இன்னமும் பல இடங்களில் பின்பற்றப்படாதது வருத்தத்துக்குரியது.

ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஆர்டீரியல் லைனை (தமனிக்குள் போட்டு அழுத்தத்தைத் தொடர்ந்து அளக்கும் மெல்லிய குழாய்) மயக்கம் கொடுப்பதற்கு முன்பே போட வேண்டும். அதனுடன் இணைந்த அழுத்தமானியை இதயத்தின் உயரத்தில் வைக்க வேண்டும். மேசையை உயர்த்தும்போது அது 10 செ.மீ. கீழே நின்றுவிட்டால், உண்மையைவிட 7.5 மி.மீ. கூடுதலாகக் காட்டி நம்மை ஏமாற்றும். கையில் சுற்றும் கஃப் மட்டும்தான் உண்டு என்றால், மயக்கம் தொடங்கும் நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்ற அமைப்பை மாற்றி, நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கச் செய்ய வேண்டும்.

முதல் சரிவு பெரும்பாலும் கத்தி படுவதற்கு முன்பே வந்துவிடுகிறது. இளைஞருக்குக் கிலோவுக்கு 2 முதல் 2.5 மி.கி. வரை தரும் மயக்க மருந்தான புரோபோஃபால், முதியவருக்கு 1 முதல் 1.5 மி.கி. அளவிலேயே போதும். முதியவர்களின் ரத்த ஓட்டம் மெதுவானது என்பதால் மருந்து மூளையை அடையக் கூடுதல் நேரம் ஆகும். அந்தப் பொறுமை இல்லாமல் மேலும் மேலும் செலுத்துவதே பல சரிவுகளுக்குக் காரணம். சுவாசக் குழாய் போட்டு முடிந்த பிறகு, வயிற்றைக் கழுவித் துணி போர்த்தும் அந்தப் பத்து, இருபது நிமிடங்களில் உடலைத் தூண்டும் எதுவும் நடப்பதில்லை. ஆகவே அப்போது மயக்க வாயுவைக் குறைத்து வைத்து, நோர்அட்ரினலினைச் சிறிய அளவில் ஓடவிட வேண்டும். 250 மி.லி.யில் 4 மி.கி. கலந்தால் ஒரு மி.லி.யில் 16 மைக்ரோகிராம் இருக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.05 மைக்ரோகிராம் என்றால் மணிக்கு ஏறத்தாழ 11 மி.லி. போகும். குப்பியில் எழுதியிருப்பது நோர்அட்ரினலின் உப்பின் அளவா, வெறும் நோர்அட்ரினலினின் அளவா என்பதைக் கட்டாயம் படிக்க வேண்டும். இரண்டுக்கும் ஏறத்தாழ இருமடங்கு வேறுபாடு உண்டு. இந்த நீர்த்த கலவையை முன்கையின் பெரிய சிரை வழியாகத் தரலாம், ஆனால் ஊசி இடத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊரில் எளிதில் கிடைக்கும் அழுத்தம் ஏற்றும் ஊசியான மெஃபென்டெர்மின் 6 மி.கி. அவசரத்துக்கு உதவும், எனினும் திரும்பத் திரும்பப் போடும்போது அதன் வலு குறைந்து, நாடித்துடிப்பு மட்டுமே ஏறும்.

வயிற்றைத் திறந்து குடலை வெளியே எடுத்த சில நிமிடங்களில் முகம் சிவந்து, துடிப்பு கூடி, அழுத்தம் இறங்கினால், அது ரத்த இழப்பாக இருக்க வேண்டியதில்லை. குடலைப் பின்வயிற்றுச் சுவருடன் இணைக்கும் குடல்தாங்கியை இழுக்கும்போது வெளியாகும் புரோஸ்டாசைக்ளின் என்ற வேதிப்பொருள் ரத்தக்குழாய்களை விரித்துவிடுகிறது. இதற்கு, ரத்தக்குழாய்களைச் சுருக்கும் ஃபினைலெஃப்ரினோ நோர்அட்ரினலினோ தேவை; லிட்டர் கணக்கில் சலைன் ஏற்றினால் பின்னர் குடல்தான் வீங்கும். லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவை) வயிற்றுக்குள் வாயு நிரப்பும்போது துடிப்பு சட்டென்று குறைந்தால், வாயுவை வெளியேற்றச் சொல்லிவிட்டு, துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் தர வேண்டும். எபிட்யூரலில் முழு அளவு மருந்தை, ரத்தம் அதிகம் போகக்கூடிய கட்டம் முடிந்த பிறகே செலுத்துவது நல்லது.

அழுத்தம் இறங்கியதும் சிரைவழி நீரைத் திறந்துவிடுவது கையின் பழக்கம். அதற்கு முன் நீர் தேவையா என்று பார்க்க வேண்டும். 250 மி.லி.யைப் பத்து நிமிடத்தில் தந்து, இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் அளவு 10 சதவீதம் கூடினால் நீர் பயன்பட்டது என்று பொருள். கூடாவிட்டால் அடுத்த பாட்டில் வேண்டாம். அதற்காக நீரை ஒரேயடியாகக் கட்டுப்படுத்துவதும் தவறு. 2018-இல் வெளிவந்த, 3,000 பேரை உள்ளடக்கிய ஆய்வில், குறைவாக நீர் பெற்றவர்களில் 8.6 சதவீதத்தினருக்கும், தாராளமாகப் பெற்றவர்களில் 5 சதவீதத்தினருக்கும் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது. மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவின் அளவும் அழுத்தத்துடன் சேர்ந்து சட்டென்று சரிந்தால், இதயத்துக்குத் திரும்பும் ரத்தமே குறைந்திருக்கிறது என்று ஐயப்பட வேண்டும். அப்போது மருந்தைத் தேடும் முன் திரைக்கு அப்பால் நிற்கும் அறுவை மருத்துவரிடம் ரத்தம் போகிறதா, ரிட்ராக்டரோ (திசுவை விலக்கிப் பிடிக்கும் கருவி) கையோ பெருஞ்சிரையை அழுத்துகிறதா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

தமனி அலையின் வடிவத்தைப் படித்து, சரிவு வரப்போகிறது என்று சில நிமிடங்கள் முன்னதாக எச்சரிக்கும் மென்பொருள்களும் வந்துள்ளன. சரிந்திருக்கும் நேரத்தை அவை குறைத்ததாகச் சில ஆய்வுகளும், குறைக்கவில்லை என்று வேறு சிலவும் சொல்கின்றன. அவற்றின் எண் பெரும்பாலும் சராசரி அழுத்தத்தையே பின்தொடர்கிறது என்ற விமர்சனமும் உண்டு. சராசரி 72-ஐத் தொட்டவுடன் எச்சரிக்கை ஒலி எழும்படி சாதாரண மானிட்டரை அமைத்தாலே கணிசமான பயன் கிடைக்கும்.

நோயாளியை வார்டுக்கு அனுப்பும்போது அவருடைய இயல்பான அழுத்தம், அன்று வைத்திருந்த இலக்கு, நிறுத்திய மாத்திரைகள், எபிட்யூரலின் வேகம் ஆகிய நான்கையும் சீட்டில் எழுதி, இரவுப் பணியில் இருக்கும் செவிலியரிடம் நேரில் சொல்லிவிட்டு வர வேண்டும். நிறுத்திய மாத்திரையை, அழுத்தமும் சிறுநீரின் அளவும் நிலைபெற்றபின், இயன்றால் 48 மணி நேரத்துக்குள் மீண்டும் தொடங்குவதற்கான குறிப்பையும் அதே சீட்டில் சேர்த்துவிட வேண்டும்.