அமீனா, அமைடா? ஆய்வகத்தில் சட்டென்று பிரித்தறிய

மும்பையின் மாட்டுங்கா, சயான் பக்கம் பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைக்குத் தயாராகும் பிள்ளைகள் குழம்புவது இங்கேதான். அமீன், அமைடு இரண்டும் கரிமச் சேர்மங்கள், இரண்டிலும் நைட்ரஜன் உண்டு. அமைடில் அதை ஒட்டியே கார்பனைல் தொகுதி (கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில்) இருக்கும். நைட்ரஜனின் தனித்த எலக்ட்ரான் இணையை அந்தத் தொகுதி தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் காரத்தன்மை கிட்டத்தட்ட போய்விடும். அமீனில் காரத்தன்மை இருக்கும்.

ஆகவே, முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் 2 மி.லி. சேர்த்துக் குலுக்குங்கள். தண்ணீரில் எண்ணெய்த் துளியாக நின்ற அனிலின் (இது அமீன்) கரைந்துவிடும். அமைடான பென்சமைடு படிகம் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

அமைடை உறுதிசெய்ய, 0.2 கிராமுடன் 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு 3 மி.லி. சேர்த்துக் கொதிக்கவையுங்கள். அம்மோனியா நெடி வரும், ஈரச் சிவப்பு லிட்மஸ் நீலமாகும். தாள் குழாயின் விளிம்பில் படவே கூடாது, தெறித்த காரமே அதை நீலமாக்கிவிடும். சூடாக்கும் முன்பே நெடி வந்தால் அம்மோனியம் உப்பு என்று சந்தேகப்படுங்கள்.

அனிலினுக்குச் சாயச் சோதனை: 0 முதல் 5 டிகிரி செல்சியஸ். மும்பை வெக்கையில் குழாய்த் தண்ணீர் உதவாது. ஐஸில் உப்பைத் தூவி, அமிலத்தில் கரைத்த அனிலின், சோடியம் நைட்ரைட், காரத்தில் கரைத்த பீட்டா நாப்தால் மூன்றையும் தனித்தனியே குளிரவைத்து, இதே வரிசையில் சேருங்கள். இடையில் குமிழி கிளம்பினால், அனிலினும் நைட்ரைட்டும் சேர்ந்து உண்டான டையசோனியம் உப்பு உடைந்து பீனாலாகிறது, மறுபடி தொடங்குங்கள். குளிர்ச்சி சரியாக இருந்தால் நாப்தால் பட்டதுமே ஆரஞ்சுச் சிவப்பு திரண்டு வரும்.