வள்ளியூர்ப் பாறையில் சோலாருக்கு எர்த்

மாடியில் 3 கிலோவாட் சோலார். வெயில் ஏறியதும் பேனலைத் துடைக்கப் போனால் ஃபிரேமில் கை பட்டு சுருக்கென்று இழுக்கும். மாட்டிக் கொடுத்தவர்கள் "எர்த் இருக்கு சார்" என்று முடித்துவிட்டார்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இன்வெர்ட்டரில் பேனல் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கசியத்தான் செய்யும். மண்ணுக்குள் இறங்க வழி இருந்தால் நமக்குத் தெரியாது.

எலக்ட்ரீசியன் அண்ணாச்சி எர்த் டெஸ்டர் வைத்து, மண்ணுக்குள் கரண்ட் இறங்க எவ்வளவு தடை என்று பார்த்தார். 5 ஓமுக்குள் இருக்க வேண்டியது 40-ஐத் தாண்டி நின்றது. சித்திரையில் அளந்தோம், ஐப்பசி மழையில் அளந்தால் யாருக்கும் நல்ல எண்தான் வரும்!

மேலே ஒரு முழம் செம்மண், கீழே பாறை. ராடு எங்கே இறங்க? போர் வண்டியை வரவழைத்து, வீட்டின் இரு கோடியிலும் 60 அடி துளை போட்டு, குழாய் இறக்கி, பெண்டோனைட் (ஈரம் பிடித்து வைக்கும் களிமண்) கரைத்து ஊற்றி, இரண்டையும் உலோகப் பட்டையால் இணைத்தோம். உப்பு வேண்டாம், இரும்பை அரித்துவிடும் என்றார் அண்ணாச்சி. 5-க்குக் கீழே வந்தது.

அப்புறமும் ஒரு வரிசை பேனலில் மட்டும் இழுத்தது. அலுமினிய ஃபிரேமின் அனோடைஸ் பூச்சு கரண்டைக் கடத்தாது. எர்த் ஒயரை அதன் மேலேயே முடுக்கியிருந்தார்கள். இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டு, பல் வாஷர் போட்டு இறுக்கினோம். பல் கீறிய இடத்தில் பளிச்சென்று உலோகம் தெரிந்தது. இழுப்பு நின்றது. அந்தச் சில்லறைச் சாமானுக்குத்தான் நாகர்கோவில் வரை அலைய வேண்டியிருந்தது.