இடது பக்கத்தைக் கவனிக்காமல் விடுபவர்களுக்கு வீட்டுப் பயிற்சி

விபத்தில் மூளையின் வலது பக்கம் அடிபட்டவரிடம் ஒரு வட்டம் வரைந்து கொடுத்து, கடிகார எண்களைப் போடச் சொல்லுங்கள். பன்னிரண்டையும் வலது பாதியிலேயே நெருக்கி எழுதினால் கண்ணைக் குறை சொல்லாதீர்கள், கண் நன்றாகவே இருக்கலாம். மூளைதான் இடது பக்கத்தைக் கவனிக்காமல் விடுகிறது. பார்வையில் ஒரு பாதி போனவர்களுக்குப் பெரும்பாலும் அது தெரியும், தலையைத் திருப்பிச் சமாளிப்பார்கள். கவனம் விட்டுப்போனவருக்கு விட்டதே தெரியாது. இரண்டும் சேர்ந்தும் வரும். எது என்று நரம்பியல் டாக்டர் சொல்லட்டும்.

1. சாப்பாட்டில் தொடங்குங்கள். எங்கள் குமரிப் பக்கம் இலை நுனி இடது கைப்பக்கம்தான். உப்பு, ஊறுகாய், பப்படம் எல்லாம் அங்கேதான் விழும். என் அண்ணன் வலது பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "ஊறுகாய் வைக்கலியா?" என்று மதினியிடம் கேட்பார். "இடது பக்கம் பாருங்க" என்றால் பலிக்காது. அவருக்கு இடது என்பது மூக்குக்கு நேரே முடிந்துவிடுகிறது. இலைக்கு இடது ஓரமாக ஒரு சிவப்பு நாடாவை ஒட்டி, விரலால் அதைத் தொட்ட பிறகு சாப்பிடச் சொல்லுங்கள். பீங்கான் தட்டானால் வெள்ளைத் தட்டு வேண்டாம், வெள்ளைச் சோறு அதில் தெரியாது.

2. படிக்கவும் அதே நாடா. கேரள எல்லையில் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் தமிழ் போர்டானாலும் மலையாள போர்டானாலும் எழுத்து இடமிருந்துதான் தொடங்கும். நாகர்கோவில் வெறும் 'கோவில்' ஆகிவிடும். வாசித்தது பொருந்தவில்லையா? மறுபடி ஓரத்துக்குப் போகணும்.

3. நடக்கும்போது முட்டம் கலங்கரை விளக்கம் மாதிரி தலையை மெதுவாக இடது தோள்வரை, பிறகு வலது தோள்வரை திருப்பணும். கண்ணை மட்டும் உருட்டினால் போதாது. முற்றத்துப் படிகளின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடியுங்கள்.

4. தண்ணீரும் போனும் வலது பக்கம் இருக்கட்டும், அது பாதுகாப்புக்கு. பேச வருகிறவர்களை இடது பக்கம் உட்கார வையுங்கள். எல்லாவற்றையும் வலதுக்கு மாற்றிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்புறம் இடது பக்கம் திரும்பவே வேலை இருக்காது. டிவியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பழக்குங்கள், மூளை சீக்கிரம் சோர்ந்துவிடும்.

5. ரோடு. முதல் பாதியில் வண்டி வலமிருந்து வரும், அதைப் பார்த்துவிடுவார். நடுவில் வந்தபிறகு இடமிருந்து வருவதுதான் ஆபத்து. துணைக்குப் போகிறவர் அவருடைய இடது பக்கமாக நடக்கணும்.

வண்டிச் சாவி, டாக்டர் சம்மதிக்கும்வரை மதினியிடமே இருக்கட்டும். கோபப்படுவார், படட்டும்.