ஐஎஃப்காம்ப் கேம்களுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி?

1995இல் ஆரம்பித்து வருடாவருடம் நடக்கிற ஐஎஃப்காம்ப் (இன்டராக்டிவ் ஃபிக்ஷன் காம்பெடிஷன்) போட்டிக்கு, முழுக்க எழுத்திலேயே ஓடும் சின்னச் சின்ன கேம்கள் டஜன் கணக்கில் வரும். 2020இல் மட்டும் 103 வந்தன. எல்லாவற்றையும் ஆட வேண்டிய கட்டாயம் இல்லை, ஐந்து கேமுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டாலே உங்கள் ஓட்டு செல்லும். எதை முதலில் எடுப்பது என்று யோசிக்காமல் போட்டித் தளம் கலைத்துப் போட்டுத் தரும் வரிசையிலேயே போங்கள், அப்போதுதான் யாரும் சீண்டாத கேமுக்கும் ஓர் ஆள் கிடைப்பார்.

கட்டளையைத் தட்டச்சு செய்து ஆடும் பார்சர் வகை என்றால், உள்ளே போனதும் முதலில் 'ஸ்கிரிப்ட்' (script) என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். பெரும்பாலான கேம்களில் நீங்கள் அடிப்பதும் கேம் சொல்லும் பதிலும் அப்படியே ஒரு கோப்பில் பதிவாகிவிடும். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அறையில் ஒரு அலமாரி இருப்பதாக எழுதியிருப்பார்கள், அதைப் பார்க்கச் சொன்னால் அப்படி எதுவுமே இல்லை என்று பதில் வரும், நீங்களும் எரிச்சலோடு கடந்துபோய்விடுவீர்கள். மறுநாள் எழுத உட்கார்ந்தால் எரிச்சல் மட்டும்தான் நினைவில் நிற்கும், எந்த அறை, என்ன அடித்தோம் என்பதெல்லாம் மறந்திருக்கும். மாதக்கணக்கில் உழைத்து, காசு கேட்காமல் கேமைக் கொடுத்தவருக்கு "கொஞ்சம் சொதப்பல்" என்ற ஒரு வரி எதற்கும் உதவாது, அந்த இடத்தைக் காட்டினால் அன்றைக்கே சரிசெய்துவிடுவார்.

ட்வைன் மாதிரி மென்பொருளில் செய்த, இணைப்பைச் சொடுக்கி ஆடுபவை வேறு ரகம். ஒருமுறை உங்கள் போக்கில் முடித்து, மனதில் பட்டதை நான்கு வரி குறித்துவிட்டு, அப்புறம் வேண்டுமென்றே மாற்றித் தேர்ந்தெடுத்து ஆடிப் பாருங்கள். கதை நிஜமாகவே திரும்புகிறதா, இல்லை எந்த வழியில் போனாலும் அதே பக்கத்துக்குத்தான் வந்து சேர்கிறதா? அப்படி வந்து சேர்வது தப்பு என்று நினைத்துவிடாதீர்கள், சில கதைகளுக்கு தப்பிக்க வழியில்லாமல் இருப்பதுதான் உயிரே.

மதிப்பெண்ணுக்கு முதல் இரண்டு மணி நேர ஆட்டம் மட்டும்தான் கணக்கு. அதற்குள் முடியவில்லை என்றால் எண்ணை முடிவுசெய்துவிட்டு மேலே ஆடலாம், ஆனால் அதற்குப் பிறகு மாற்றக் கூடாது. எங்கே நிறுத்தினீர்கள் என்பதையும் விமர்சனத்தில் சொல்லிவிடுங்கள். புதிரின் விடையை எழுதுவதாக இருந்தால் முன்கூட்டியே எச்சரித்துவிட்டு, கடைசியில் வையுங்கள்.

அப்புறம், மதிப்பெண் போடுவதற்கு முன்னால் மற்றவர்களின் விமர்சனத்தைப் படிக்காதீர்கள். ஆடியவர்களின் மதிப்பெண்கள் எந்த கேமுக்கு அதிகமாகச் சிதறிக் கிடக்கின்றனவோ அதற்கென்றே 'கோல்டன் பனானா' என்று ஒரு விருது அங்கே உண்டு, கருத்து வேறுபாட்டை அவ்வளவு மதிக்கிறார்கள். ஊரே எட்டு போட்ட கேமுக்கு உங்களுக்கு மூன்றுதான் தோன்றுகிறதென்றால் மூன்றே போடுங்கள், எந்த இடத்தில் உங்களை இழந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.